தீவும் இனமும்: டார்வினின் பயண நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

விஞ்ஞானி ஒருவர் எழுதிய நூலுக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் எம்மிடையே உளர். கவிதை, நாவல், சிறுகதை என்பவற்றோடு திறனாய்வு தன் எல்லையை வகுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். நாம் அதற்கு உடன்படோம். எழுத்தாகப் பிறந்து மனிதரின் உலக நோக்கை மாற்றியமைத்த எந்நூலும் திறனாய்வுக்கு உரியதே. 'பீகிள்' என்னும் கப்பலில் 1831 முதல் 1836 வரை தாம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிச் சார்ள்ஸ் டார்வின் எழுதிய நூல் அத்தகையது. 1839இல் அது முதன்முதல் வெளிவந்தது. 1845இல் அதன் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. கலாபகோஸ் தீவுகளைப் பற்றிய அத்தியாயம் இவ்விரு பதிப்புகளுக்குமிடையே எவ்வாறு மாறியது என்பதிலிருந்தே நாம் தொடங்க விரும்புகின்றோம்.

எமது வகுப்பறைகளில் வழங்கும் கதையை வாசகர் அறிவர். இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள எரிமலைத் தீவுகளில் இறங்குகிறார். தீவுக்குத் தீவு அலகு வேறுபட்ட சிறு குருவிகளைக் காண்கிறார். காண்ட அக்கணத்திலேயே உயிரினங்கள் படைக்கப்பட்டவையல்ல, மாறி வந்தவையே என்னும் உண்மை அவருக்குப் பளிச்சிடுகின்றது. நியூட்டனின் தலையில் அப்பிளை வீழ்த்திய அதே கற்பனைதான் டார்வினின் முன்னே இக்குருவிகளையும் பறக்கவிட்டிருக்கின்றது. கதை அழகானது, மனனஞ் செய்வதற்கு எளிதானது. ஆயின் அது நடந்ததன்று.

நடந்தது யாது? 1835 செப்டெம்பர் நடுப்பகுதி தொடக்கம் ஒக்டோபர் 20 வரை ஐந்து வாரங்கள் 'பீகிள்' அத்தீவுக் கூட்டத்தில் நின்றது. டார்வின் நான்கு தீவுகளிற் கால் பதித்தார். பிஞ்ச் எனப்படும் அக்குருவிகளைச் சுட்டுச் சேகரித்தார். ஆயின் எந்தக் குருவி எந்தத் தீவிற் பிடிபட்டது என்று அவர் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. அவையனைத்தும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதும் அவருக்குப் புலப்படவில்லை. ஒன்றை ரென் குருவியென்றும் பிறிதொன்றை வேறு குடும்பத்துப் பறவையென்றும் கருதினார். தீவுகளின் நிருவாகத்தைக் கவனித்து வந்த நிக்கலஸ் லோசன் என்பவர், ஆமையொன்றைக் கண்டால் அஃது எத்தீவினது என்று தம்மாற் கூற இயலும் என அவரிடம் சொன்னார். அவ்வேளை டார்வின் அக்கூற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றப்பட்ட ஆமைகளை மாலுமிகளும் பயணிகளும் உண்டு தீர்த்தனர். ஓடுகள் கடலில் எறியப்பட்டன. சான்றுகளையே சமைத்து உண்டுவிட்டு விஞ்ஞானம் வீடு திரும்பியது எனலாம்.

அவர் கூர்ந்து நோக்கியது மொக்கிங்பேர்ட் என்னும் பறவையை. ஒரு தீவிற் கண்டதும் அடுத்த தீவிற் கண்டதும் சற்றே வேறுபட்டிருப்பதை அங்கேயே உணர்ந்தார். அவற்றை மாத்திரம் தீவுவாரியாகப் பிரித்து வைத்தார். 1836இல் திரும்பும் வழியில் எழுதிய குறிப்புகளில், இவ்வேறுபாடு உண்மையாயின் இனங்கள் நிலையானவை என்ற கொள்கை ஆட்டங் காணக்கூடும் என்ற ஐயம் எட்டிப் பார்க்கின்றது. ஐயத்தை முடிபாக்கியவர் வேறொருவர். தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பறவைகளைப் பாடஞ் செய்யும் தொழில் பயின்று, இலண்டன் விலங்கியற் கழகத்திற் பணியாற்றிய ஜோன் கூல்ட் என்பவரே 1837 சனவரியில் அக்குருவிகளைப் பரிசோதித்து, அவை யாவும் ஒன்றோடொன்று நெருங்கிய உறவுடைய, முன்னர் அறியப்படாத ஒரு தனிக் கூட்டம் என்று அறிவித்தார். மொக்கிங்பேர்ட்டுகள் மூன்று வெவ்வேறு இனங்கள் என்றும் அவரே தீர்ப்பளித்தார். அதன்பின்னரே டார்வின் விழித்துக்கொண்டு, எந்தக் குருவி எத்தீவினது எனத் தேடலானார். கப்பலின் தலைவர் பிற்ஸ்ரோய் சேகரித்தவற்றையும் தம் ஏவலாளன் சிம்ஸ் கவிங்டன் சேகரித்தவற்றையும் கேட்டு வாங்கினார். எசமானன் குறிக்காது விட்ட இடப்பெயரை ஏவலாளன் குறித்து வைத்திருந்தான். அவ்வாண்டு யூலையில் இனமாற்றம் பற்றிய முதற் குறிப்பேட்டை டார்வின் தொடங்கினார்.

இவ்வரலாற்றை 1982இல் பிராங் சலோவே என்னும் ஆய்வாளர் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். அதற்குப் பின்னரும் பாடநூல்கள் பழங்கதையையே சொல்லி வருகின்றன.

இப்பொழுது நூலுக்கு வருவோம். 1839ஆம் ஆண்டுப் பதிப்பில் குருவிகளைப் பற்றிய செய்தி அடக்கமாகவே உள்ளது. 1845ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, தொடக்கத்தில் அத்தீவுகளிற் பறவைகள் அருகியிருந்தமையால் ஓரினமே பல தேவைகளுக்காக மாற்றியமைக்கப்பட்டது போலும் என்று எண்ணத் தோன்றுவதாக ஒரு வாக்கியம் புகுந்துகொள்கின்றது. பத்தாண்டு ஆராய்ச்சியின் பயன், பயணக் காட்சியின் நடுவே, அன்று கண்டபோதே தோன்றிய எண்ணம் போல வந்து அமர்கின்றது. எழுத்தாளனாக இங்கு டார்வின் காட்டும் திறன் பெரிது. கருங்கற் குழம்பு உறைந்த நிலம், வெயில், அச்சமற்று மனிதன் அருகே வந்தமரும் பறவைகள் என்று காட்சிகளை அடுக்கி, வாசகனைத் தன்னோடு நடத்திச் சென்று, முடிபை அவனே கண்டடைந்ததாக எண்ணச் செய்கின்றார். தாம் இரு தீவுகளின் சேகரிப்புகளைக் கலந்துவிட்டமையையும் லோசன் கூறியதையும் அவர் மறைக்கவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். அந்நேர்மை நூலில் உள்ளது. வாசகர் அதைத் தாண்டிச் சென்று, ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கதை புனைந்தனர்.

இதனால் நாம் டார்வினைச் சிறுமைப்படுத்துகின்றோம் என்று எவரும் எண்ணலாகாது. நாம் மறுப்பது தனிமனித மேதை என்னும் கற்பனையையே. எடின்பரோவில் மாணவனாயிருந்த டார்வினுக்குப் பறவைகளைப் பாடஞ் செய்யும் கலையைக் காசு பெற்றுக் கற்பித்தவர் ஜோன் எட்மன்ஸ்ரன். கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பு மனிதர். அந்த விரல்கள் கற்றுக்கொடுக்காவிடின் கூல்டின் மேசைக்கு வந்திருப்பவை அழுகிய இறகுகளே. ஓர் அடிமையின் கைத்திறன், ஓர் ஏவலாளனின் குறிப்பேடு, ஒரு தோட்டக்காரர் மகனின் கண், அவர் மனைவி எலிசபெத் கூல்ட் கல்லச்சில் தீட்டிய படங்கள் ஆகிய இவையனைத்தும் கூடியே அக்'கண்டுபிடிப்பு' உருவாயிற்று. எத்தனை பாடநூல்களில் இப்பெயர்களுள் ஒன்றேனும் உண்டு?

நிற்க. குருவிகள் எவ்வாறு வெவ்வேறினங்களாயின என்பதை ஆராய்ந்தவர் மற்றொருவர். அவர் எம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதிற் சிறிது பெருமை கொள்கின்றோம். டேவிட் லாக் இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் பாடசாலையில் ஆசிரியராயிருந்தபோது விடுமுறை பெற்று 1938இல் கலாபகோஸ் சென்றவர். 'டார்வினின் பிஞ்சுகள்' என்னும் அவரது நூல் 1947இல் வெளிவந்தது; அப்பெயர் நிலைத்ததும் அதனாலேயே. அலகு வேறுபாடுகளுக்கு வாழ்க்கைப் பயன் பெரிதாக இல்லை, தன்னினத்தைத் தான் அடையாளங் காணவே அவை உதவுகின்றன என்று முதலில் எழுதியவர் லாக். சில ஆண்டுகள் சான்றுகளை மீள நோக்கியபின், அலகு உணவோடும் போட்டியோடும் தொடர்புடையது என்று தம் கருத்தை மாற்றி இந்நூலை எழுதினார். எம் இலக்கிய உலகில் முதற் கட்டுரையில் எடுத்த நிலைப்பாட்டை இறுதி மூச்சுவரை காத்தலே கொள்கைப் பற்று எனக் கருதப்படுகின்றது.

லாக் சுட்டிய சான்றுகளுள் எம்மை மிகக் கவர்ந்தது கோகோஸ் தீவு. கலாபகோசுக்கு வடகிழக்கே தன்னந்தனியாக நிற்கும் சிறு தீவு அது. அங்கும் இக்குருவிக் கூட்டத்தின் உறவினம் ஒன்று வாழ்கின்றது. காடும் மழையும் பூச்சியும் பழமும் நிறைந்த அத்தீவில் பிழைக்கும் வழிகள் பல. ஒரு குருவி இலையைக் கிளறியும் இன்னொன்று பூந்தேனை நாடியும் வேறு வேறு தொழில் பழகிக்கொள்கின்றன. இருந்தும் அத்தீவில் உள்ளது ஒரேயோர் இனந்தான். கலாபகோசில் பதினேழு வரையான இனங்கள் தோன்ற, இங்கே ஒன்று மாத்திரம் நின்றுவிட்டது ஏன்? பிரிந்து சென்று தனித்து வாழ்தற்கு அடுத்த தீவு இல்லை என்பதே விடை. தொழில் வேறுபாடு மட்டும் இனத்தைப் பிளப்பதில்லை. ஊடே கடல் வேண்டும்.

அக்கடல் செய்வது யாது? தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் தாண்டி, எக்காலத்தும் பெருநிலத்தோடு இணைந்திராத தீவுகளுக்குச் சில பறவைகள் வந்து சேர்ந்தன. வந்தவை தம் தாய்க் குடித்தொகையின் பரம்பரையலகுகள் அனைத்தையும் கொண்டு வரவில்லை. கையில் அகப்பட்ட சிறு பங்கையே கொண்டு வந்தன. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குச் சில பறவைகள் பறந்தபோது அப்பங்கும் மீளப் பங்கிடப்பட்டது. பிரிந்த இரு கூட்டங்களுக்குமிடையே கலப்பு நின்றுவிட்டமையால் ஒன்றில் தோன்றிய விகாரம் மற்றொன்றைச் சேரவில்லை. இங்கே கடின விதை, அங்கே மென்மையான விதை. இங்கே வறட்சி, அங்கே கள்ளிப்பூ. இயற்கைத் தேர்வு வெவ்வேறு திசையில் இழுத்தது. சிறு கூட்டங்களில் வெறுந் தற்செயலும் தன் பங்கைச் செய்தது. பல்லாயிரம் தலைமுறை கழிந்து இவை மீள ஒரு தீவிற் சந்தித்தபோது பாட்டும் அலகும் மாறியிருந்தன. ஒன்று மற்றொன்றைத் துணையாக ஏற்கவில்லை. அப்பொழுதே அவை ஈரினம்.

இவற்றுட் சில இன்று கண்முன்னே காணக்கூடியனவாயுள்ளன. பீற்றர் கிரான்ற், றோஸ்மேரி கிரான்ற் என்னும் தம்பதியர் 1973 தொடக்கம் நாற்பதாண்டுகள் டாப்னி மேஜர் என்ற மிகச் சிறிய தீவிலே குருவிகளுக்கு வளையமிட்டு, அலகை அளந்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் பதிந்து வந்தனர். 1977இல் மழை பொய்த்தது. நடுத்தர நிலப் பிஞ்சுகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில் மடிந்தன. பெரிய அலகுடையவையே கடின விதைகளை உடைத்துப் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகு பருத்தது. 1983இல் பெருமழை கொட்டியது. சிறு விதைகள் பெருகின. தேர்வு எதிர்த்திசைக்குத் திரும்பியது. இவ்வாராய்ச்சியைப் பற்றி ஜொனதன் வைனர் 1994இல் எழுதிய 'பிஞ்சின் அலகு' என்னும் நூல் விஞ்ஞான எழுத்தை இலக்கியமாக்கும் கலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் அத்தகைய நூலொன்றை எழுத எமது பட்டதாரிகளுள் எவரேனும் முன்வரல் வேண்டும்.

அத்தீவிலே 1981இல் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அந்நிய ஆண் பறவையொன்று வந்து சேர்ந்தது. அது உள்ளூர்ப் பெடையொன்றோடு கூடியது. அதன் வழித்தோன்றல்கள் தந்தையின் புதிய பாட்டைப் பாடின. உள்ளூர்ப் பறவைகள் அப்பாட்டுக்கு இணங்கவில்லை. சில தலைமுறைகளுள் அவை தமக்குள்ளேயே கூடிப் பெருகத் தொடங்கின. எஸ்பானொலாத் தீவிலிருந்து வந்த இனம் அது என்பது 2017இல் பரம்பரையலகுப் பரிசோதனையால் உறுதியாயிற்று. பிரிந்தாற் புதிது தோன்றும். கலந்தாலும் சிலவேளை புதிது தோன்றும். பாடநூலின் சூத்திரத்துக்குள் இயற்கை முற்றாக அடங்க மறுக்கின்றது.

டார்வினே இக்கருத்திற் பிற்காலத்தில் தடம் மாறினார் என்பது வாசகருட் பலர் அறியாத செய்தி. 1837இல் தீவுகளிலிருந்து தொடங்கியவர், 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' எழுதும்போது தனிமையின் முக்கியத்துவத்தை ஏற்றுக்கொண்டே, பரந்த நிலப்பரப்பும் நெருக்கமான போட்டியுமே அதனினும் மேலானவை என்று வாதிட்டார். குருவிகள் அந்நூலில் விசேடமாக இடம்பெறவேயில்லை. ஜெர்மானியப் பயணியான மொறிற்ஸ் வாக்னர் 1868இல், பிரிந்து குடியேறித் தனித்து வாழாமற் புதிய இனம் தோன்றாது என எழுதினார். அல்ஜீரியாவில் பறக்கவியலா வண்டுகள் ஆற்றுக்கு இக்கரையில் ஒன்றாயும் அக்கரையில் ஒன்றாயும் இருக்கக் கண்டவர் அவர். டார்வின் அதை ஏற்கவில்லை. நியூகினியின் மலைகளிற் பறவைகளைத் தேடி அலைந்த ஏர்ன்ஸ்ற் மாயர் 1942இல் எழுதிய நூலே வாக்னரின் கருத்துக்கு மீண்டும் மதிப்பை ஈட்டிக்கொடுத்தது. மாயர் அதனைச் சற்று மிகைப்படுத்தினார் என்பதும் உண்மை; நிறமூர்த்தங்கள் இரட்டிப்பதால் தாய்ச்செடிக்கு அருகிலேயே புதிய தாவர இனம் தோன்றுதலுண்டு.

டார்வின் தடம் மாறியதன் காரணம் என்ன? விலங்குலகிலே தம் ஆங்கிலச் சமுதாயத்தின் போட்டியையும் சந்தையையுமே டார்வின் கண்டார் என்று 1862இல் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில் மார்க்ஸ் எள்ளலாகக் குறிப்பிட்டார். இதைப் பற்றிக்கொண்டு, பரந்த நிலத்தின் போட்டியை டார்வின் உயர்த்தியது பிரித்தானிய முதலாளித்துவத்தின் குரலே என்று சொல்லிவிடுதல் எமக்கு எளிது. கைதட்டலும் கிடைக்கும். அவ்விளக்கத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம். ஆயின் பெருங்கண்டத்து உயிரினங்கள் தீவுகளிற் புகுந்து தீவினங்களை ஒழித்தமை டார்வின் அறிந்திருந்த உண்மைச் சான்று; பரம்பரை எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பது அவர் காலத்தில் தெரியாதிருந்தமையும் அவரை இடறியது. ஒருவர் எச்சமுதாயத்திற் பிறந்தார் என்று சொல்வது அவர் கூற்றைப் பரிசோதித்ததாகாது.

இந்த எளிய விதியை மறந்ததன் விலையை முற்போக்கு உலகம் ஒருமுறை கொடுத்திருக்கின்றது. சிறு குடித்தொகைகளில் பரம்பரை வேறுபாடுகள் எவ்வாறு ஒளிந்து கிடக்கின்றன என்பதை 1926இலேயே எழுதியவர் செற்வெரிக்கோவ் என்ற சோவியத் விஞ்ஞானி. தனிமைப்படுத்தும் பொறிமுறைகளைப் பற்றி 1937இல் தெளிவாக எழுதிய டொப்சான்ஸ்கி உக்கிரேனிற் பிறந்து லெனின்கிராட்டிலிருந்து அமெரிக்கா சென்றவர். புதிய கூர்ப்பியலின் வித்துகளுட் பல சோவியத் மண்ணிலேயே முளைத்தன. ஆயின் செற்வெரிக்கோவ் 1929இற் கைதாகி நாடு கடத்தப்பட்டார். உலகெங்கும் பயிர்வகைகளைத் தேடித் திரட்டிய வாவிலோவ் 1940இற் கைதாகி 1943இல் சரற்றோவ் சிறையில் மாண்டார். 1948 ஓகஸ்றில் லைசென்கோவின் கொள்கை அரச கொள்கையாக்கப்பட்டுப் பிறப்புரிமையியல் தடைசெய்யப்பட்டது. தனிமை, பல்லாயிரம் தலைமுறை என்பவற்றுக்கு லைசென்கோ இடங்கொடுக்கவில்லை. கோதுமைப் பயிரில் திடீரென றை தானியம் விளையும் என்றார். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகப் பாய்கின்றது என்னும் இயக்கவியல் விதிக்கு இதுவே சான்று எனப் பலர் களித்தனர். பிரான்சிலே கவிஞர் அராகோன் 'யூரோப்' சஞ்சிகையின் ஓரிதழையே இதற்கென ஒதுக்கினார். வயலிற் கால் வைக்காது, பரிசோதனையைக் காணாது, கவிஞர் ஒருவர் தீர்ப்பெழுதினார்.

கோதுமையிற் பாய்ச்சல் உண்மையிலேயே நிகழ்ந்ததுண்டு. நாம் உண்ணும் பாணுக்கு மாத் தரும் கோதுமை, வேறு வேறு புல்லினங்கள் கலந்து நிறமூர்த்தங்கள் பெருகியதால் தோன்றியது. அதைக் கண்டறிந்தது லைசென்கோ தடைசெய்த பிறப்புரிமையியலே. இயக்கவியல் சான்றுக்குப் பதிலாக வைக்கத்தக்க பொருளன்று. ஏங்கெல்சின் பெயரைச் சொல்லி ஆய்வுகூடத்தை மூடியவர்களைப் பற்றி எமது இடதுசாரி ஏடுகள் போதியளவு எழுதவில்லை என்பதே எம் முறைப்பாடு.

இனி எம் மொழியைப் பார்ப்போம். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் உயிர்கள் வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பாகுபடுத்தப்படுகின்றன. 1950களிலும் 1960களிலும் கலைச்சொல் ஆக்கியோர் மிக்க உழைப்போடும் தாய்மொழிக் கல்விப் பற்றோடும் செய்த பணியை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். அவர்கள் கைக்கெட்டிய சொற் களஞ்சியத்தை அள்ளினார்கள். அக்களஞ்சியத்தை நிரப்பி வைத்திருந்ததோ எமது சமுதாயம். ஆகவே பூனைக்கு ஒரு சாதி வந்தது, தவளைக்கு ஒரு வருணம் வந்தது. 'இனம்' என்னும் ஒரே சொல் பிஞ்ச் குருவிக்கும் ஆகின்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்னும் மக்கட் கூட்டங்களுக்கும் ஆகின்றது. தமிழகத்தார் 'சிற்றினம்' என்று கூறி ஓரளவு தப்பிக்கொண்டனர். இனங்கள் தனித்து வாழ்வதாலே தோன்றுகின்றனவெனின் எமது இனமும் அவ்வாறு தனித்து வாழ்ந்தாலன்றோ நிலைக்கும் என்று வகுப்பில் மாணவன் ஒருவன் வினவியதுண்டு. அவன் குறும்பாகக் கேட்கவில்லை. சொல் அவனை அவ்வழியே இழுத்துச் சென்றது. பறவையியலில் ஓர் உண்மை, அரசியலில் ஒரு நஞ்சாக, ஒற்றைச் சொல்லின் பாலத்தால் நடந்து வந்துவிடுகின்றது.

அப்பாலம் எங்கே கொண்டு செல்லும் என்பதற்குத் தஸ்மேனியா சாட்சி. பனியூழியின் முடிவிற் கடல் உயர்ந்தபோது அத்தீவு அவுஸ்திரேலியாவிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளாக அத்தீவு மக்கள் பிற மனிதரைக் காணாது வாழ்ந்தனர். மனித வரலாற்றில் இதனினும் நீண்ட தனிமையை நாம் அறியோம். 1803இல் ஆங்கிலேயர் குடியேறினர். பத்தாயிரம் ஆண்டு பிரிந்திருந்தும் அவர்கள் வேறினமாகிவிடவில்லை. வந்தவர்களோடு கூடிப் பிள்ளைகள் பிறந்தன. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். மனிதத் தலைமுறைக்குப் பத்தாயிரம் ஆண்டு என்பது நானூறு தலைமுறை மாத்திரமே. ஆயின் ஆக்கிரமித்தவர் அவர்களை வேறு உயிராகவே நடத்தினர். 1876இல் இறந்த ட்றுகனினி என்னும் பெண்ணின் எலும்புக்கூடு 1904 முதல் 1947 வரை அருங்காட்சியகத்திற் காட்சிக்கு நின்றது. 1976இலேயே எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலிற் கரைக்கப்பட்டது. மனிதரின் பரம்பரை வேறுபாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு அளவில் ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே உள்ளது என்று 1972இல் லெவொன்ரின் கணக்கிட்டுக் காட்டினார். கடலாற் செய்யவியலாததைச் சாதி வேலி செய்துவிட்டது என்று எவரேனும் கூறுவாராயின், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மறிக்கப்பட்டவர்களும் மறித்தவர்களும் எவ்வகையில் வெவ்வேறு உயிர்கள் என்பதை அவர் விளக்குவாராக.

இதன் மறுபுறத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்துக்கு நிலம் விலங்கும் புள்ளும் மரமும் வகுத்த தமிழன், கூர்ப்புக் கொள்கையை அன்றே கண்டுவிட்டான் என்று மேடைகளிற் சிலர் முழங்குகின்றனர். நிலத்துக்கும் வாழ்வுக்குமுள்ள தொடர்பைத் திணைக் கோட்பாடு அருமையாகக் கண்டது. அதை யாரும் மறுக்கவியலாது. ஆயின் குறிஞ்சியின் மயில் என்றும் குறிஞ்சியின் மயிலே. அது முன்னர் வேறொன்றாயிருந்ததா என்ற வினாவைத் திணை எழுப்பவில்லை. எழுப்பாத வினாவுக்கு விடை கண்டதாகப் புகழ்தல் பழந்தமிழருக்கும் பெருமையன்று.

பெருமைப்படுதற்கு வேண்டுமாயின் காலடியிலேயே பொருள் உண்டு. பாக்கு நீரிணை ஆழமற்றது. பனியூழியின் உச்சத்திற் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாயிருந்தன. அவ்வாறாயின் எமது உயிரினங்கள் இந்தியாவினவாகவே இருத்தல் வேண்டுமன்றோ? 2004இல் வெளியான ஆய்வொன்று நன்னீர் நண்டுகள், தவளைகள், மண்ணுட் புதையும் பாம்புகள் முதலியவற்றை ஆராய்ந்து, தரைப்பாலம் இருந்த காலத்திலும் இலங்கையின் ஈரவலயத்து உயிர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்களும் பெரும்பாலும் தனித்தனி வழியிலேயே சென்றன என்று காட்டியது. இடையிலிருந்த வறண்ட சமவெளியே அவற்றுக்குக் கடலாயிற்று. ஈரத் தோலினால் மூச்சு வாங்கும் தவளைக்கு மன்னாரின் வெயில் பசிபிக்கிலும் அகன்றது. மலைநாட்டினுள்ளும் இவ்வாறே: நக்கிள்ஸ் தொடரில் ஒரு கொம்பு ஓணான், மத்திய மலையில் வேறொன்று, இறக்குவானைக் குன்றுகளில் 1998இல் விவரிக்கப்பட்ட இன்னும் இரண்டு. பள்ளத்தாக்கு ஒவ்வொன்றும் அகழியாகின்றது. மாதவ மீகஸ்கும்புரவும் பிறரும் இத்தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளையினங்கள் இருப்பதாக 2002இல் அறிவித்தபோது உலக விஞ்ஞானிகள் வியந்தனர். அவற்றுட் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரில் இடாது ஈர மண்ணிலும் இலையிலும் இடுபவை. வாற்பேய்ப் பருவமின்றி முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவருபவை. ஈரக் காடு இன்றேல் அவை இல்லை.

அக்காட்டை 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காக வெட்டினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காக வெட்டினர். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கையிற் கத்தி இருந்தது. இலாபம் இலண்டனுக்குச் சென்றது. இன்று எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகள் தேயிலைக் கடலின் நடுவே தீவுகளாக நிற்கின்றன. இத்தனிமை புதிய இனங்களை ஈனும் தனிமையன்று. இனந் தோன்றப் பல்லாயிரம் தலைமுறை வேண்டும். சில ஏக்கர்க் காட்டில் ஒரு சிறு குடித்தொகை அத்தனை காலம் உயிர்த்திருக்காது. ஒரு வறட்சி போதும். காடு வெட்டப்பட்ட காலத்தில் ஐரோப்பியர் பிடித்து மதுசாரப் போத்தலில் இட்டு அனுப்பிய தவளைகளுட் சில, அதன்பின் இத்தீவில் எங்கும் காணப்படவில்லை. அவற்றின் உடல் மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் மட்டும் உண்டு. அப்போத்தல்களுட் பலவற்றின் சீட்டில் இடம் என்பதற்கு நேரே 'சிலோன்' என்ற ஒரு சொல்லே எழுதப்பட்டிருக்கின்றது. எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு என்று குறித்து வைக்க அங்கே ஒரு கவிங்டன் இருக்கவில்லை.